முனையை விட்டு உள்ளே வாருங்கள்: குமரி மாவட்டத்தில் கூட்டம் போகாத இடங்களுக்கு ஐந்து நாள் வழிகாட்டி

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் படகில் ஏறிப் பாறைக்குப் போய், அம்மனைக் கும்பிட்டு, சூரியோதயம் பார்த்து மறுநாளே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது மாவட்டத்தின் தென்கோடி ஓரம் மட்டும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த நிலம் இது. அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பு ஆய் மன்னர்களின் நாடு. சமணப் பள்ளி, வேதம் கற்பித்த சாலை, குடைவரை, டச்சுத் தளபதியின் கல்லறை, மலையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் தூக்கிச் செல்லும் தொட்டி என்று பார்க்க வேண்டியவை பெரும்பாலும் மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை பக்கம் கிடக்கின்றன. முனைக்குக் கடைசி நாள் வந்தால் போதும். கீழே உள்ள வரிசை மேற்கில் தொடங்கிக் கிழக்கில் முடிகிறது.

கிளம்புவதற்கு முன்

எங்கே தங்குவது என்பதில்தான் பலருடைய திட்டம் கெடுகிறது. கன்னியாகுமரியில் அறை எடுத்துவிட்டுத் தினமும் சிதறால் மலைக்கும் திற்பரப்பு அருவிக்கும் போய்வர நினைத்தால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மூன்று ஊரின் நெரிசலையும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கடக்க வேண்டும். நாளில் மூன்று நான்கு மணி நேரம் சாலையிலேயே போய்விடும். முதல் இரண்டு இரவு மார்த்தாண்டத்திலும் அடுத்த மூன்று இரவு நாகர்கோவிலிலும் தங்குங்கள். ரயிலில் வருபவர்கள் குழித்துறை நிலையத்தில் இறங்கினால் மார்த்தாண்டம் பக்கம். திரும்பும்போது நாகர்கோவில் சந்திப்பில் ஏறிக்கொள்ளலாம்.

பருவம் அடுத்தது. தமிழ்நாட்டின் மற்ற பகுதிகளைப் போல இங்கே ஒரு மழைக்காலத்தோடு முடியாது. ஜூன் தொடங்கி இடவப்பாதி, அக்டோபர் தொடங்கித் துலா மழை என்று இரண்டும் இங்கே பெய்யும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான் எல்லாம் ஒத்துவரும் காலம். மழை ஓய்ந்திருக்கும், ஓடைகளில் நீர் இருக்கும், வலசைப் பறவைகள் குளங்களில் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. கோதையாறு பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 1 முதல் பிப்ரவரி கடைசி வரைதான் அணைகளிலிருந்து தண்ணீர் விடுவார்கள், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரண்டு நெல் சாகுபடிக்கும் சேர்த்து. மார்ச்சிலிருந்து மே வரை வந்தால் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் தண்ணீர் இருக்காது. அதன் அழகில் பாதி தண்ணீர்தான்.

ஒவ்வொரு நாளும் காலையில் செய்ய வேண்டிய ஒரு வேலை: உள்ளூர்ப் பத்திரிகையில் அணை நீர்மட்டம் பாருங்கள். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு அணைகள் இரண்டும் 18 அடி. பேச்சிப்பாறை நாற்பதுகளின் நடுவை நெருங்கிவிட்டால் உபரி நீரை எந்நேரமும் திறக்கலாம். அப்போது கோதையாற்றின் கரை எதிலும் இறங்கக்கூடாது, திற்பரப்பில் குளிக்கவும் தடை போடுவார்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும். வெள்ளம் மலையிலிருந்து வரும்.

கோவில் நேரம் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான கோவில்கள் நண்பகலோடு அடைத்து மாலை ஐந்து மணி அளவில்தான் திறக்கும். ஆகவே காலையில் கோவில், உச்சிவெயிலில் காடோ பாலமோ, மாலையில் கடல் என்று நாளை அடுக்குங்கள். திருவட்டாறு போன்ற பெருங்கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஒரு வேட்டியும் துண்டும் பையில் இருக்கட்டும்.

முதல் நாள்: சிதறால், பார்த்திவபுரம், தேங்காய்ப்பட்டணம்

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் சிதறால். பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. ஆட்டோ பிடித்து காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருப்பது நல்லது. மலைக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் மலைக்கோவில். கல்வெட்டுப் பெயர் திருச்சாரணத்துமலை, அதாவது சாரணர் என்னும் சமணத் துறவிகள் இருந்த மலை. அடிவாரத்திலிருந்து கல் பாவிய நடைபாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. நிதானமாக நடந்தால் அரை மணி நேரம். இடையில் கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள்.

மேலே போனதும் எல்லோரும் செய்யும் தவறு, காட்சியைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுக் கோவிலுக்குள் எட்டிப் பார்த்து இறங்கிவிடுவது. இங்கே பார்க்க வேண்டியது பாறையின் முகம். கூரைபோல முன்னால் நீண்டிருக்கும் பெரும்பாறையின் பக்கவாட்டில் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முக்குடையின் கீழ் தியானத்தில் அமர்ந்த சிறிய உருவங்கள் பல. தலைக்கு மேல் படமெடுத்த நாகத்தோடு நிற்பவர் பார்சுவநாதர். பக்கத்தில் சிங்கமும் இரண்டு குழந்தைகளும் இருந்தால் அது அம்பிகை என்னும் சமணக் காவல் தெய்வம், அதாவது இயக்கி. இந்த மூன்று அடையாளமும் தெரிந்தால் பாதிச் சிற்பங்களை நீங்களே இனம் காணலாம்.

உருவங்களின் அடியில் கோடு கோடாகத் தெரிவது வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. யார் செய்வித்த திருமேனி என்ற செய்தி அதில் இருக்கிறது. அச்சணந்தி என்ற சமணத் துறவியின் பெயர் இங்கே வருகிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளில் காணப்படும் அதே அச்சணந்தி. மதுரைக்கும் இந்த மலைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவிகள் நடந்த தடத்துக்கு இந்த ஒரு பெயர் சாட்சி. இன்னொரு கல்வெட்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. குணந்தாங்கி குரத்திகள் என்னும் பெண் துறவி இங்குள்ள பகவதிக்குப் பொன்னணி கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். 9-ஆம் நூற்றாண்டில் இந்த மலையில் சமணப் பெண் ஆசிரியர்கள் இருந்தார்கள் என்பதை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

எழுத்து தேய்ந்திருப்பதால் உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் விழும் காலை வெளிச்சத்தில் வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கையில் டார்ச் இருந்தால் பாறையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். எழுத்தைத் தெளிவாக்க மாவோ சாக்குத்தூளோ தேய்ப்பதும் நீர் ஊற்றுவதும் பாறையைக் கெடுக்கும். மத்திய தொல்லியல் துறையின் காப்பில் உள்ள இடம் என்பதால் அது குற்றமும்கூட.

சுமார் 13-ஆம் நூற்றாண்டில் இது பகவதி கோவிலாக மாறியது. தேவிக்கு இன்றும் வழிபாடு உண்டு. கருவறைப் பக்கம் செருப்பை வெளியே விட்டு, சத்தமில்லாமல் போய்வாருங்கள். பாறைக்கு மேல் செங்கல் விமானத்தின் மிச்சம் தெரியும். கீழே பாறைச் சுனையில் இறங்காதீர்கள். விளிம்பு பாசி பிடித்து வழுக்கும்.

இறங்கி வந்து மார்த்தாண்டம் வழியாகப் புதுக்கடை சாலையில் போனால் முஞ்சிறையும் பார்த்திவபுரமும் பக்கத்தில் பக்கத்தில். பார்த்திவபுரம் விஷ்ணு கோவிலைப் பார்த்தால் சாதாரண மலைநாட்டுக் கோவில் போலத்தான் இருக்கும். கூட்டமே இராது. ஆனால் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 9-ஆம் நூற்றாண்டில் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாக வாங்கி, கோவில் எடுத்து, அதோடு ஒரு சாலையும் நிறுவினான். சாலை என்றால் இங்கே தெரு இல்லை, மாணவர் தங்கிப் படித்த கல்விக்கூடம். காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தின் முறைப்படி, வேதப் பிரிவு வாரியாக 95 இடங்கள்: பவிழிய சரணத்தாருக்கு 45, தைத்திரீயருக்கு 36, தலவகாரருக்கு 14. சேர விரும்புபவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும், மூன்று அரசுகளின் நடப்பும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரை ஒருவர் இழித்துப் பேசினால் அபராதம், ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது என்று ஒழுங்கு விதிகளும் உண்டு. இவ்வளவும் செப்பேட்டில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் இருந்ததால் ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்று பெயர்; கோவிலில் தேடாதீர்கள். அந்தச் சாலைக் கட்டடமும் இன்று இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் அந்த அமைதியான பிரகாரத்துக்கு அர்த்தம் வரும்.

முஞ்சிறைத் திருமலை மகாதேவர் கோவில் சிவாலய ஓட்டத்தின் முதல் கோவில். மகா சிவராத்திரியை ஒட்டிக் காவி உடுத்த பக்தர்கள் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு இங்கிருந்து கிளம்பிப் பன்னிரண்டு சிவன் கோவில்களையும் சுற்றித் திருநட்டாலத்தில் முடிப்பார்கள். அந்த இரண்டு நாளில் வந்தால் இந்தப் பக்கச் சாலைகளில் வாகனம் நகராது. ஓட்டத்தைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் இல்லை.

மாலையைத் தேங்காய்ப்பட்டணத்தில் முடியுங்கள். கோதையாறும் பறளியாறும் சேர்ந்து குழித்துறைத் தாமிரபரணியாக ஓடிவந்து கடலில் விழும் பொழிமுகம் இங்கே. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. பொழிமுகத்தில் ஆற்று நீரும் கடல் ஓதமும் எதிர் எதிராகத் தள்ளுவதால் மணல் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். முழங்கால் ஆழம் என்று நம்பிக் கால் வைத்த இடம் அடுத்த அடியில் ஆள் ஆழமாக இருக்கும். கரையில் உட்கார்ந்து பாருங்கள், இறங்க வேண்டாம்.

இரண்டாம் நாள்: தண்ணீரின் வழி

மார்த்தாண்டத்திலிருந்து திருவட்டாறு. காலை ஆறரைக்கெல்லாம் ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் இருந்தால் நிதானமாகத் தரிசிக்கலாம். 22 அடி நீளத்தில் மேற்கு நோக்கிப் பள்ளிகொண்ட திருமேனி. மூன்று வாசல் வழியாகத்தான் முழுவதும் காண முடியும்: ஒன்றில் திருமுகம், ஒன்றில் நாபி, ஒன்றில் திருவடி. 16,008 சாளக்கிராமங்களைச் சேர்த்துக் கடுசர்க்கரை யோகம் என்ற முறையில் அமைத்தது என்பதால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. 400 ஆண்டுகளுக்கு மேல் நடக்காதிருந்த குடமுழுக்கு 2022 ஜூலையில் நடந்தது. சுற்றுப் பிரகாரத் தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒருத்தியின் கொண்டையும் நகையும் இன்னொருத்திக்கு வராது. கோதையாறும் பறளியாறும் கூடும் மூவாற்றுமுகமும் இந்த ஊருக்குப் பக்கம்தான்.

அங்கிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் மாத்தூர் தொட்டிப்பாலம். ஓரளவு பேர் தெரிந்த இடம்தான், ஆனால் வருபவர்கள் மேலே நடந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காமராசர் முதல்வராக இருந்தபோது எடுக்கப்பட்ட திட்டம், 1966-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் 1,240 அடி, உயரம் 115 அடி, தூண்கள் 28. தொட்டி 7 அடி ஆழம், ஏழரை அடி அகலம். ஒரு மலைச்சரிவில் வரும் பட்டணங்கால் வாய்க்கால் பறளியாற்றுப் பள்ளத்தில் இறங்கினால் மறுபக்கம் ஏறாது. அதனால் பள்ளத்துக்கு மேலேயே தொட்டி கட்டித் தண்ணீரை மட்டம் குறையாமல் அக்கரை சேர்த்தார்கள்.

இதை முழுதாகப் பார்க்க மூன்று படிகள். முதலில் பாலத்தின் மேல் அக்கரை வரை நடந்து போங்கள். தொட்டியை ஒட்டி நடைபாதை இருக்கிறது, கைப்பிடிச்சுவர் உயரம் குறைவு, குழந்தையின் கையை விடாதீர்கள். பிறகு படிக்கட்டு வழியாக ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். படிகள் பல நூறு. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்க வேண்டும், ஏறுவதுதான் கடினம். கீழே நின்று தூண்களை அண்ணாந்து பார்த்தால்தான் 115 அடி என்பது கண்ணுக்குப் புரியும். கடைசியாக, தொட்டிக்குள் ஓடும் தண்ணீரில் ஒரு இலையைப் போட்டு அதோடு நடந்து பாருங்கள். எவ்வளவு மெல்லிய சரிவில் தண்ணீரைக் கடத்தியிருக்கிறார்கள் என்று அந்த இலை சொல்லும். தொட்டிக்குள் இறங்கிக் குளிப்பது உயிருக்கு ஆபத்து. வழுக்கும் பக்கச்சுவரைப் பிடித்து ஏற முடியாது.

மதிய உணவைக் குலசேகரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைத்தால் அதுதான் இந்தப் பக்கத்துச் சாப்பாடு. வழியில் மட்டிப்பழம் தொங்கும் கடையில் ஒரு சீப்பு வாங்குங்கள். விரலளவு மெலிந்து நீண்ட பழம், மணம் கடை முழுக்க நிற்கும், மறுநாளைக்கெல்லாம் கனிந்து உதிரும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. தேன் வாங்குபவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் புதுத்தேன் கிடைக்கும். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பில் ஊறும் இனிப்பை எடுத்துத்தான் தேனீக்கள் இங்கே பெரும்பங்குத் தேனைச் சேர்க்கின்றன, பூவிலிருந்து இல்லை.

குலசேகரத்திலிருந்து திருநந்திக்கரை சிறிது தூரம். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பாறையைக் குடைந்து எடுத்த சிவன் கோவில், 8-9-ஆம் நூற்றாண்டு. சுவரில் ஒரு காலத்தில் முழுக்க ஓவியம் இருந்தது, இப்போது சுவடுகள்தான். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் நில்லுங்கள், அதன் பிறகுதான் கோடுகள் தெரியத் தொடங்கும். பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், மிச்சமிருக்கும் நிறமும் போய்விடும். முதலாம் இராசராசன் தன் பிறந்த நட்சத்திரமான ஐப்பசிச் சதயத்தைக் கொண்டாட முட்டம் என்ற ஊரை மும்முடிச்சோழநல்லூர் என்று பெயரிட்டுக் கொடுத்த கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. தஞ்சையில் இன்றும் கொண்டாடும் சதய விழாவுக்குக் குமரியின் ரப்பர் காட்டுக்குள் ஒரு பழைய சான்று. பக்கத்திலேயே கட்டுமானக் கோவிலும் இருக்கிறது. சிவாலய ஓட்டத்தில் நான்காவது அதுதான்.

மிச்ச நேரத்தைத் திற்பரப்பில் செலவழிக்கலாம், விடுமுறை நாளாக இல்லாவிட்டால். விடுமுறை என்றால் நேரே பேச்சிப்பாறை அணைக்கு விடுங்கள். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897 முதல் 1906 வரை கட்டியது, பொறியாளர் மின்சின். அணைக்கு மேலே கோதையாறு போகும் சாலை வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடக்கும். அனுமதி அன்றைய நிலையைப் பொறுத்தது. சாவடியில் கேட்டுவிட்டு மட்டும் போங்கள், மாலை நான்கு மணிக்கு மேல் உள்ளே இருக்காதீர்கள். யானை நடமாட்டம் உள்ள காடு.

மூன்றாம் நாள்: தக்கலையைச் சுற்றி

மார்த்தாண்டத்தில் அறையைக் காலி செய்துவிட்டு நாகர்கோவில் போகும் வழியில் இதை முடிக்கலாம். பத்மநாபபுரம் அரண்மனை எல்லோருக்கும் தெரிந்தது. கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை திறக்காது. அரண்மனைக்கு வருபவர்கள் அதே கோட்டைக்குள் இருக்கும் இராமசாமி கோவிலை விட்டுவிடுகிறார்கள். அங்கே இராமாயணக் காட்சிகள் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்குளம் நீலகண்டசாமி கோவிலும் கோட்டைக்குள்தான்.

தக்கலையிலிருந்து சிறிது தூரத்தில் புலியூர்க்குறிச்சி. தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையின் தளபதி டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, இந்தக் கோட்டையைப் புதுப்பித்து, இங்கேயே பீரங்கி வார்க்கும் உலையும் நடத்தினார். 1777-இல் இறந்தார். கோட்டைக்குள் கூரையில்லாத சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்து வெட்டப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் மனைவி, மகன் கல்லறைகள். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருப்பதால் நுழைவுக் கட்டணம் உண்டு, மாலை ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். வழிகாட்டிப் பலகையை நம்பாமல், நுழைவாயிலில் "டிலனாய் கல்லறை எங்கே?" என்று கேட்டுப் போங்கள். பூங்காவைச் சுற்றிவிட்டுக் கல்லறையைப் பார்க்காமல் திரும்புபவர்கள் நிறைய.

திருவிதாங்கோடு தக்கலையிலிருந்து பக்கம். திருவிதாங்கூர் என்ற பெயரே இந்த ஊரிலிருந்து போனதுதான். இங்குள்ள அரப்பள்ளி என்னும் தேவாலயத்தை இயேசுவின் சீடர் தோமையார் கி.பி. 63-இல் நிறுவினார் என்பது மரபு. கருங்கல்லில் கட்டிய சிறிய, தாழ்ந்த கட்டடம். அரை மணி நேரம் போதும்.

நான்காம் நாள்: காளிகேசமா, ஆரல்வாய்மொழியா?

இரண்டையும் ஒரே நாளில் நெருக்காதீர்கள். அதற்கு முந்தைய நாள் மலையில் நல்ல மழை என்றால் ஆரல்வாய்மொழி. வானம் தெளிவாக இருந்தால் காளிகேசம்.

காளிகேசத்துக்கு நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழி. கீரிப்பாறை வரை பேருந்து உண்டு. அதற்கு மேல் சொந்த வண்டியோ ஜீப்போ வேண்டும். சாலை ஒடுக்கம், எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்த ஓட்டுநர் அவசியம். கீரிப்பாறை தாண்டினால் கைபேசிச் சிக்னலை நம்ப முடியாது, பெட்ரோலும் இல்லை. நாகர்கோவிலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சாவடியில் பையைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக்கும் மதுவும் உள்ளே போகாது. காளி கோவிலை ஒட்டி ஓடும் ஆறு கண்ணாடி போல இருக்கும், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.

இங்கே மூன்று தொந்தரவு வரும். மழைக்குப் பின் அட்டை: கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் விளிம்பில் உப்புத் தூள் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காமல் உப்பு போடுங்கள், தானே விழும். பிய்த்தால் வாய்ப்பகுதி தோலில் தங்கிப் புண்ணாகும். இரண்டாவது, பாசிப்பாறை: ரப்பர் செருப்பு வழுக்கும், வெறுங்காலும் வழுக்கும், அடிப்பக்கம் பள்ளம் வெட்டிய செருப்பே நிற்கும். மூன்றாவதுதான் உயிரைப் பறிப்பது. தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே மழை என்று பொருள். துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள்.

அழகியபாண்டியபுரம் பக்கமுள்ள உலக்கை அருவிக்கும் இதே விதிகள்தான். காட்டுக்குள் ஏறி நடக்க வேண்டும். உள்ளூர் ஆள் துணையில்லாமல் போகாதீர்கள். கிளைத்தடங்களில் வழி தவறும். திரும்பும் வழியில் பூதப்பாண்டியில் இறங்கிப் பூதலிங்கசாமி கோவிலைப் பாருங்கள். பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் பிறந்த ஊரும் இதுவே.

ஆரல்வாய்மொழியில் மலைத்தொடர் இரண்டாகப் பிளந்து கணவாய் விடுகிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்தக் குறுகிய வாய் வழியே பீறிடுவதால்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள். ஜூன், ஜூலையில் இரு சக்கர வண்டியில் போனால் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும், வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள். இதே வாயில் திருவிதாங்கூர் கட்டிய அரண்வரிசையை 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாய் காலத்தில், ஆங்கிலேயப் படை கைப்பற்றியது. காற்றாடிமலையில்தான் தேவசகாயம் பிள்ளை 1752 ஜனவரி 14-இல் சுடப்பட்டார். 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அங்கே மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. சிறு கல்லால் தட்டிப் பாருங்கள், வெண்கல மணி போல ஒலிக்கும். சம்மட்டியடி அடிக்காமல் மெல்லத் தட்டினாலே போதும்.

ஐந்தாம் நாள்: மருந்துவாழ்மலை, குளங்கள், வட்டக்கோட்டை

நாகர்கோவில் - கன்னியாகுமரி சாலையில் பொற்றையடியில் இறங்குங்கள். காலை ஐந்தரைக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும், இதில் மட்டும் தளர்த்தாதீர்கள். எட்டரைக்கு மேல் மொட்டைப்பாறை சுட ஆரம்பித்துவிடும். பாதியில் மயங்கி உட்காருபவர்கள் எல்லோரும் தாமதமாக ஏறியவர்கள்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் துண்டு. கையில் பையோ பழமோ தெரிந்தால் குரங்கு பிடுங்கும், எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து ஜிப் போடுங்கள். முதல் பகுதி படிக்கட்டு, பிறகு பாறைத் தடம். மேலே பிள்ளைத்தடம் குகை: நாராயண குரு தவமிருந்த இடம். குனிந்தும் நுழைந்தும் போக வேண்டும், உடல் பருத்தவர்கள் முயல வேண்டாம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், கீழே உப்பளங்கள், வயல், குளம், காற்றாலை எல்லாம் ஒரே வட்டத்தில். மேற்குத் தொடர்ச்சி மலை இதோடு முடிகிறது. ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் அக்கானி கிடைத்தால் குடியுங்கள். பதநீருக்கு இங்கே அதுதான் பெயர். காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடிக்க வேண்டும், வெயில் ஏறினால் புளிக்கும்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் சாலையோரமே இருப்பதால் யாரும் நிற்பதில்லை. 2022-இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டவை இவை. அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். பைனாகுலரோடு வந்தால் நெடுஞ்சாலையில் நிற்காமல் தேரூர் பக்கக் கரையில் நில்லுங்கள். ஹாரன் சத்தத்தில் பறவைகள் நடுக்குளத்துக்கு நகர்ந்துவிடும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த தேரூர்தான் இது. பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் அலையாத்திச் செடிகளைப் பார்க்கலாம். அங்கிருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துப் போனது.

கடற்கரைகளைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். முட்டம், கணபதிபுரம், சொத்தவிளை எல்லாமே அழகான கரைகள். ஆனால் இந்தக் கடலில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. வெகு தொலைவில், தெற்குப் பெருங்கடலில் வீசும் புயல் எழுப்பிய அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து மோதும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் மட்டும் திடீரென ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படிப்பட்ட நாளில்தான். கடல் நிலையை முன்கூட்டிச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கரையில் இருக்கும் மீனவர் "இறங்காதீங்க" என்றால் மறு பேச்சு வேண்டாம். முட்டத்தில் ஈரமான கரும்பாறையில் ஏறாதீர்கள். ஈரம் இருக்கிறதென்றால் சற்றுமுன் அலை அங்கே வந்து போயிருக்கிறது.

மாலைக்கு வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து 6 கிலோமீட்டர், அஞ்சுகிராமம் சாலையில் பிரிய வேண்டும். டிலனாய் காலத்துக் கருங்கல் கோட்டை, மதில் 25 அடி உயரம். மூன்றாம் நாள் அவர் கல்லறையைப் பார்த்தீர்கள், நேற்று ஆரல்வாய்மொழி போயிருந்தால் கணவாயையும் பார்த்திருப்பீர்கள். மலையிலிருந்து கடல் வரை இழுத்த காவல் கோட்டின் கடல்முனை இது. உள்ளே கல்லில் பாண்டியரின் மீன் சின்னமும் இருக்கும், தேடிப் பாருங்கள். மாலை நாலு மணிக்கு உள்ளே போய்விடுங்கள், ஐந்து மணி வாக்கில் வெளியேறச் சொல்வார்கள். சாய்தளத்தில் ஏறி மதில் மேல் நின்றால் கீழே அலை கல்லில் அடிப்பது காலில் அதிரும். வெளியே வந்தால் பேருந்துக்கு நெடுநேரம் காத்திருக்க நேரும், போகும்போதே ஆட்டோக்காரரைத் திரும்பி வரச் சொல்லி வையுங்கள். அங்கிருந்து முனைக்கு இருபது நிமிடம்தான்.